கூட்டம் ஊருக்கு, கல்லா அவருக்கு!

திருவிழா என்றால் கூட்டம் இருக்கும். தேரோடும் வீதியில் தோளோடு தோள் இடிக்கும். பொருட்காட்சி என்றால் இராட்டினத்தடியில் குழந்தை தொலையும். ஒலிபெருக்கியில் பெயர் கூவப்படும். தாய் அழுதுகொண்டே ஓடிவருவாள். அதெல்லாம் ஆண்டுக்குப் பத்து நாள். பதினோராம் நாள் மூங்கிலைப் பிடுங்கி வண்டியில் ஏற்றுவார்கள். ஊர் ஒரு பெருமூச்சு விட்டு, தெருவைக் கூட்டிப் பெருக்கி, தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

பத்து நாளல்ல, ஆண்டு முழுவதும் திருவிழா என்றால்? மூங்கில் பிடுங்கப்படாமலே 70 ஆண்டு நின்றுவிட்டால்? அந்தத் திருவிழாவுக்கு ஊர் உரிமையாளன் அல்ல, ஒரே ஒரு நிறுவனம்தான் உரிமையாளன் என்றால்?

அப்படியும் ஓர் ஊர் உண்டு. அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகருக்குத் தென்கிழக்கே அனஹைம் என்று பெயர். அங்கேதான் டிஸ்னிலாந்து இருக்கிறது. உலகக் கேளிக்கைப் பூங்காக்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் என்று பேர்பெற்ற பூங்கா. 2023-ஆம் ஆண்டில் அந்தப் பூங்காவுக்குள் நுழைந்தோர் ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் என்றும், அதன் எதிர்வாசலில் 2001-இல் திறந்த இரண்டாவது பூங்காவுக்குள் நுழைந்தோர் ஏறத்தாழ 1 கோடி என்றும் அந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களே மதிப்பிட்டிருக்கிறார்கள். ஊரில் குடியிருப்போர் எத்தனை பேர்? மூன்றரை இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு! மூன்றரை இலட்சம் பேர் வாழும் வீட்டுக்கு ஆண்டுதோறும் இரண்டரைக் கோடி விருந்தாளி! இலை போடுவது யார், எச்சில் இலை எடுப்பது யார், மொய்ப்பணத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டுவது யார்? இதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

கூட்டத்தைக் குறைகூற வந்தவனல்ல நான். ஓராண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஒரு நாள் சிரிப்பு வாங்கித் தர வருகிற தொழிலாளி மேல் எனக்கு என்ன கோபம்? அவனும் நம் இனம். வெயிலில் ஒரு மணி நேரம் கால்கடுக்க நின்று, மூன்று நிமிடம் இராட்டினத்தில் சுற்றி, "இதற்காகவா வந்தோம்" என்று மனைவி பார்க்கும் பார்வைக்குப் பதில் சொல்ல முடியாமல் தலைகுனியும் அந்தத் தகப்பனும் பாதிக்கப்பட்டவன்தான். "மக்கள் பெருத்துவிட்டார்கள், நெரிசல் வராமல் என்ன செய்யும்?" என்று கைவிரிக்கும் பேரறிவாளர்கள் இருக்கிறார்களே, அவர்களோடுதான் எனக்கு வழக்கு. கூட்டம் என்பது வானத்திலிருந்து பொழியும் மழையல்ல. அழைத்து வரப்படுவது, எண்ணி அடைக்கப்படுவது, விலை போட்டு விற்கப்படுவது. அதன் இன்பம் எந்தப் பக்கம், துன்பம் எந்தப் பக்கம் என்று நகரமன்றத்திலே தீர்மானம் போட்டு முடிவு செய்யப்படுவது!

ஊரின் பழங்கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 1857-இல் ஜெர்மானியக் குடியேறிகள் திராட்சை பயிரிட அமைத்த ஊர் அது. 1880-களில் நோய் விழுந்து திராட்சைக்கொடி கருகியது. ஆரஞ்சு வைத்தார்கள், மாவட்டத்துக்கே ஆரஞ்சு என்று பெயர். அந்தத் தோப்புகளில் பழம் பறித்தவர்கள் மெக்சிகோ வழிவந்த கூலிகள். 1936-இல் அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர், "கூலியை உயர்த்து" என்று கூடையைக் கீழே வைத்தார்கள். வேலைநிறுத்தம்! துப்பாக்கியும் தடியும் கொண்டு அடக்கினார்கள். கூடையை மறுபடியும் கையில் திணித்தார்கள். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தோப்பு போனாலும் கூடை போகவில்லை என்பதைப் பின்னால் காண்பீர்கள்.

வால்ட் டிஸ்னி என்ற படக்காரர் இடம் தேடினார். எலியை ஆட வைத்துக் காசு பார்த்தவர். ஆராய்ச்சிக்காரர்களை அமர்த்தி எங்கே வைக்கலாம் என்று கணக்குப் போடச் சொன்னார். அவர்கள் அனஹைமைக் காட்டினார்கள். காரணம்? நிலம் மலிவு, அதைவிட, அரசாங்கம் அந்தப் பக்கமாக ஒரு பெருவழிச்சாலையைப் போட்டுக்கொண்டிருந்தது. பொதுப்பணத்தில் சாலை வருகிறது. சாலை முடியும் இடத்தில் தனியார் வாசல் திறக்கிறது! கேளிக்கைத் தொழிலின் முதல் பாடமே இதுதான். 160 ஏக்கர் தோப்பு வெட்டப்பட்டது. 1955 ஜூலை 17, திறப்பு விழா.

அந்த முதல் நாளே கூட்டம் தன் குணத்தைக் காட்டிவிட்டது. அழைப்பு அனுப்பியது 11,000 பேர் அளவுக்கு. வந்து நின்றதோ ஏறத்தாழ 28,000 பேர்! கள்ளச்சீட்டு அச்சடித்து விற்றிருக்கிறார்கள். மதிலில் ஏணி சாத்தி, ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து உள்ளே இறக்கிவிட்டவனும் உண்டாம். (நம் ஊர்க் கீற்றுக் கொட்டகையின் பின்பக்கத்துத் தட்டி நினைவுக்கு வருகிறதல்லவா?) பெருவழிச்சாலையில் மைல்கணக்கில் வண்டிகள் நகராமல் நின்றன. புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகிப் பெண்களின் காலணிக் குதிகள் புதைந்தன. குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய் வேலை முடியவில்லை. உணவுக்கடையில் உணவு தீர்ந்தது. நிறுவனத்துக்காரர்களே அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்று குறிப்பிடுவது வழக்கமாயிற்று. ஆனாலும் என்ன? ஏழே வாரத்தில் பத்து இலட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். கூட்டம் தலைவலி என்று ஊர் எண்ணியது. கூட்டமே மூலதனம் என்று முதலாளி எண்ணினார்.

1950-இல் அனஹைமின் மக்கள்தொகை 14,556. 1960-இல் 1,04,184. பத்தாண்டில் ஏழு மடங்கு! பூங்காவைச் சுற்றித் தங்கும் விடுதிகள், உணவுக்கடைகள், விளம்பரப் பலகைகள். வால்ட் டிஸ்னிக்கு இதைப் பார்த்து வயிறு எரிந்தது. ஊர் கெடுகிறதே என்றா? இல்லை, வெளியே கொட்டுகிற காசு நம் பையில் விழவில்லையே என்று! அடுத்த பூங்காவுக்கு அவர் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். புளோரிடா மாநிலத்தில், யார் வாங்குகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாதபடி, பல பெயர்களில் பொம்மை நிறுவனங்களைப் பதிவு செய்து, 27,000 ஏக்கருக்கு மேல் வளைத்தார்கள். 1965 அக்டோபரில் உள்ளூர்ச் செய்தித்தாள் உண்மையை உடைத்தது. நில விலை வானத்துக்குப் பறந்தது. அதற்குள் அவர்கள் பத்திரத்தை முடித்துவிட்டிருந்தார்கள். 1967-இல் அந்த நிலத்துக்கென்று தனி ஆட்சி வட்டாரமே சட்டமாயிற்று. சாலை போட, கட்டட அனுமதி தர, வரி தண்ட, கடன் பத்திரம் வெளியிட, எல்லாவற்றுக்கும் அதிகாரம்! ஒரு நிறுவனமே ஊராட்சி! 2023-இல் அந்த மாநில ஆளுநரோடு அரசியல் சண்டை மூண்டபிறகுதான் அந்த வட்டாரம் நிறுவனத்தின் கையைவிட்டுப் போயிற்று. அரை நூற்றாண்டு கழித்து! அதுவும் ஊர்மக்கள் கைக்கு வரவில்லை, ஆளுநர் அமர்த்தியவர்கள் கைக்குப் போயிற்று. அது தனிக்கதை. நாம் அனஹைமுக்கே திரும்புவோம்.

அனஹைமில் தனி ஆட்சி கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன? இருக்கிற ஆட்சியை இசையவைத்தால் போயிற்று! 1990-களில் நிறுவனம் வந்து மன்றத்திடம் பேசிய பேச்சை ஒரு சிறு நாடகமாக்கிப் பார்ப்போம்.

"இரண்டாவது பூங்கா கட்டப் போகிறோம்."

"மகிழ்ச்சி! கட்டுங்கள்."

"கட்டுமிடம் இப்போது வண்டிகள் நிற்கும் திடல். அதில் பூங்கா கட்டினால் வருகிறவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவார்கள்?"

"அதுதானே, எங்கே?"

"நீங்கள் கட்டித் தாருங்கள்."

"நாங்களா? பணம்?"

"கடன் வாங்குங்கள்."

"நிறுத்தக் கட்டணம்?"

"அது எங்களுக்கு."

"வாடகையாவது..."

"ஆண்டுக்கு 1 டாலர்!"

உரையாடல்தான் என் கற்பனை, ஒப்பந்தம் கற்பனையல்ல. 1997-இல் நகராட்சி 51 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. மாநாட்டு மண்டப விரிவு, சாலை, மரம், விளக்கு, அவற்றோடு பத்தாயிரம் வண்டிகள் நிற்கும் அடுக்குமாடி நிறுத்துமிடம். நிறுவனம் தரும் வாடகை ஆண்டுக்கு 1 டாலர். நிற்கிற வண்டிகளின் காசு அத்தனையும் நிறுவனத்துக்கு. கடன் தீர்ந்தபின் கட்டடமே நிறுவனத்துக்கு! 2017-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் ஏடு இதையெல்லாம் எடுத்து எழுதியது. நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? அந்த ஏட்டின் திரைப்பட விமர்சகர்களைத் தன் படங்களின் முன்காட்சிக்கு வரக்கூடாது என்று தடுத்தது. நிறுத்துமிடத்தைப் பற்றி எழுதினால் திரையரங்கக் கதவு மூடும்! மற்ற விமர்சகர் சங்கங்கள் வெகுண்டெழுந்து, "அப்படியானால் உங்கள் படங்களை நாங்கள் பரிசுக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம்" என்று கூறிய பிறகுதான் தடை நீங்கியது. எழுதுகோல் பிடித்தவர்கள் ஒன்றுபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளே நெரிசல் இவ்வளவு பெருத்துவிட்டதே, குறைக்க நிறுவனம் ஒன்றும் செய்யவில்லையா? செய்தது! 1955-இல் பெரியவர்க்கு நுழைவுச் சீட்டு 1 டாலர்; ஆட்டங்களுக்குத் தனிச் சீட்டு. அன்றைய 1 டாலர் இன்றைய விலைவாசியில் 12 டாலர் அளவு இருக்கும். 2016-இல் "நெரிசல் நாளுக்கு ஒரு விலை, வெறிச்சோடும் நாளுக்கு ஒரு விலை" என்ற முறை வந்தது. 2024 அக்டோபரில், மிகுந்த நெரிசல் நாளுக்கு ஒருவர் ஒரு நாள் சீட்டு 206 டாலர்! நம் காசில் ஏறத்தாழ 17,000 ரூபாய். வரிசையில் முந்திச் செல்ல 1999-இல் இலவசச் சீட்டு முறை ஒன்று வைத்திருந்தார்கள், யாரும் எடுக்கலாம். 2021-இல் அதை எடுத்துவிட்டு, முந்துவதற்குத் தனிக் காசு என்றார்கள். நெரிசல் தீர்ந்ததா? ஏழைக்குத் தீர்ந்தது, அவன் வாசலோடு நின்றுவிட்டான்! பள்ளி விடுமுறை நாளில்தான் தொழிலாளியின் பிள்ளைக்கும் ஓய்வு. அந்த நாளில்தான் உச்ச விலை. நெரிசல் என்ற நோய்க்கு விலை என்ற மருந்து; அந்த மருந்தையும் விற்றுக் காசு!

காசு கொடுத்து உள்ளே போனவனின் கதை இது. காசே கொடுக்காமல், மதிலுக்கு வெளியே பிறந்த பாவத்துக்காக அந்தக் கூட்டத்தோடு வாழ்கிறவன் கதை என்ன?

காலையில் வேலைக்குப் போகிறான். அவன் தெரு வழியாக ஊர் பேர் தெரியாத வண்டிகள் ஊர்கின்றன. இரவு கண்ணயர்கிறான், வாணவேடிக்கை வெடிக்கிறது. தீபாவளிக்கு ஒரு நாள் வெடித்தால் வேடிக்கை. ஆண்டில் பல இரவும் வெடித்தால்? கைக்குழந்தை திடுக்கிட்டு எழும். எட்டு மணி நேரம் வேலைசெய்து வந்த கிழவன் எழுந்து உட்காருவான். பூங்காவை ஒட்டிய பகுதிகளில் குடியிருப்போர் பெரும்பாலும் இலத்தீன் அமெரிக்க வழிவந்த உழைப்பாளிகள். அந்தக் கூடையை நினைவிருக்கிறதா? தோப்பிலே பழம் பறித்த வம்சம் இன்று விடுதியிலே படுக்கை விரிக்கிறது, தட்டுக் கழுவுகிறது, நள்ளிரவில் பூங்கா மூடியபின் கூட்டம் போட்ட குப்பையை வாருகிறது. கூடைக்குப் பதில் துடைப்பம்!

அவர்கள் நிலைமையை 2018-இல் ஓர் ஆய்வு எடுத்துக் காட்டியது. தொழிற்சங்கங்கள் முன்னின்று கேட்க, ஆக்சிடெண்டல் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் ஓர் ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து டிஸ்னிலாந்துத் தொழிலாளர் ஏறத்தாழ 5,000 பேரிடம் விவரம் திரட்டினார்கள். அடிப்படைச் செலவுக்கே சம்பளம் போதவில்லை என்றவர்கள் 73 விழுக்காடு. பத்தில் ஒருவருக்கு மேல், கடந்த இரண்டாண்டில் தங்க வீடில்லாமல் இருந்ததாகச் சொன்னார்கள். "ஆய்வு ஒருதலைப்பட்சம்" என்று நிறுவனம் மறுத்தது. மறுக்கட்டும். அதே ஆண்டு பிப்ரவரியில், பூங்காவிலிருந்து சில மைல் தொலைவில், சாண்டா அனா ஆற்றங்கரையோரம் கூடாரமடித்து வாழ்ந்த நூற்றுக்கணக்கானோரை அப்புறப்படுத்தினார்களே, அந்தக் கூடாரங்களைக் கண்ணால் கண்டவர்கள் ஆய்வுக்குக் காத்திருக்கவில்லை. சுற்றுலாக்காரருக்காகக் கட்டிய மலிவு விடுதி அறைகளில், முன்பணம் கட்டி வீடெடுக்க வழியில்லாத குடும்பங்கள் மாதக்கணக்கில் ஒண்டிக் கிடப்பதை 2010-இலேயே ஓர் ஆவணப்படம் உலகுக்குக் காட்டியது. வால்ட் டிஸ்னியின் அண்ணன் பேத்தி அபிகெயில் டிஸ்னியே 2022-இல் இந்தத் தொழிலாளர்களைப் பற்றிப் படம் எடுத்தார். குடும்பத்துக்காரரே சொன்ன பிறகு, கம்யூனிஸ்டுகள் கட்டிவிட்ட கதை என்று யார் சொல்ல முடியும்? 2018-ஆம் நிதியாண்டில் நிறுவனத் தலைவருக்குக் கிடைத்த ஊதியம் 6 கோடியே 56 இலட்சம் டாலர் என்பதையும் பக்கத்திலே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பின் பேச்சையும் கேட்பதுதான் நேர்மை. நிறுவனம் சொல்கிறது: "எங்களால்தான் ஊர் வாழ்கிறது. தங்க வருகிறவர்களிடம் நகராட்சி 15 விழுக்காடு விடுதி வரி தண்டுகிறதே, அந்தப் பணம்தானே தீயணைப்புக்கும் காவலுக்கும் நூலகத்துக்கும் போகிறது? பல்லாயிரம் பேருக்கு வேலை தருகிறோமே?" பொய்யல்ல, முழு உண்மை. ஆனால் அந்த உண்மைக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. 2020 மார்ச் நடுவில் பெருந்தொற்று காரணமாகப் பூங்காக் கதவு மூடியது. 2021 ஏப்ரல் 30-இல்தான் திறந்தது. பதின்மூன்று மாதத்துக்கு மேல்! விடுதி காலி, விடுதி வரி காலி, நகராட்சிக் கருவூலம் தள்ளாடியது. 2020 செப்டம்பரில் நிறுவனம் அமெரிக்கா முழுவதிலுமாக 28,000 பேரை வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தது. வெடிச்சத்தம் ஓய்ந்தது, தெரு அமைதியானது, அடுப்பும் அமைதியானது! கூட்டம் வந்தால் மூச்சு முட்டுகிறது. வராவிட்டால் மூச்சே நிற்கிறது. ஊரை அப்படி ஒரே கம்பத்தில் கட்டிப்போட்டுவிட்டு, "பார்த்தீர்களா, கம்பம் இல்லாவிட்டால் விழுந்துவிடுவீர்கள்" என்று கம்பத்துக்காரர் பேசுகிறார்.

இவ்வளவும் நடக்க மன்றத்தில் கை தூக்கியவர்கள் யார்? அங்கேதான் அரசியல். ஊரில் பாதிக்கு மேல் இலத்தீன் அமெரிக்க வழியினர். 2012-இல் ஐந்து பேர் கொண்ட மன்றத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பெரும்பாலோர் அனஹைம் ஹில்ஸ் என்னும் மேட்டுக்குடியிருப்புக்காரர். எப்படி? வட்டமே கிடையாது! ஊர் முழுவதும் சேர்ந்து எல்லா உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கும் முறை. பணமுள்ளவன் ஊர் முழுவதும் அஞ்சலட்டை அனுப்புவான். குப்பை வாருகிறவன் எதை அனுப்புவான்? அந்த ஆண்டு குடியுரிமைச் சங்கத்தினர் வழக்குத் தொடுத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் காவலர் துப்பாக்கிச் சூட்டில் இரு இளைஞர்கள் மாண்டு, ஊரே தெருவில் இறங்கியது. 2014-இல் மக்கள் வாக்களித்து வட்ட முறையைக் கொண்டுவந்தார்கள். 2016-இல் முதல் வட்டத் தேர்தல். வட்டம் பிரிப்பதெல்லாம் வறட்டு வேலை என்று கருதும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடுத்த இரண்டாண்டில் நடந்ததையும் கவனிக்க வேண்டும்.

2018 நவம்பர். தொழிற்சங்கத்தார் வீடுவீடாகக் கையெழுத்து வாங்கிப் பொதுவாக்கெடுப்புக்கு ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நகராட்சியிடம் மானியம் பெறும் விடுதி, கேளிக்கை நிறுவனங்கள் மணிக்கூலி 15 டாலர் தரவேண்டும். ஆண்டுக்கு ஒரு டாலராக உயர்த்தி 2022-இல் 18 டாலர் தரவேண்டும். நிறுவனம் என்ன செய்தது? வாக்கெடுப்புக்கு முன்னதாக, ஆகஸ்டிலேயே, "எங்களுக்குத் தந்த இரண்டு சலுகைகளையும் நீங்களே நீக்கிவிடுங்கள்" என்று மன்றத்தைக் கேட்டது! புதிய சொகுசு விடுதிக்கான 26 கோடி டாலருக்கும் மேற்பட்ட வரிச் சலுகை ஒன்று. நுழைவுச் சீட்டுக்குக் கேளிக்கை வரி போடுவதில்லை என்ற 2015-ஆம் ஆண்டு ஒப்பந்தம் மற்றொன்று. மானியமே வாங்கவில்லை என்றால் சட்டம் நம்மைத் தொடாதல்லவா! அதே ஆண்டு சில சங்கங்களோடு 15 டாலருக்கு நிறுவனம் உடன்படிக்கை செய்ததும் உண்மை. ஆனால் சட்டம் வேறு, தயவு வேறு. சட்டம் வென்றது, நிறுவனம், "எங்களைக் கட்டுப்படுத்தாது" என்றது.

தொழிலாளர்கள் 2019-இல் வழக்குமன்றம் ஏறினார்கள். கீழ் மன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 ஜூலையில் மேல்முறையீட்டு மன்றம் அதைத் திருப்பிப்போட்டது. எதைக் காட்டி? அந்தப் பழைய கடன் பத்திரத்தைக் காட்டி! நகராட்சி கடன் வாங்கி, நிறுத்துமிடம் கட்டி, பூங்காவின் வரிப்பணத்திலிருந்தே அடைக்கிறதே, அது மானியம் இல்லாமல் வேறென்ன என்று கேட்டது. ஒரு டாலர் வாடகைக் கட்டடம் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னது, தோழர்களே! மாநில உச்ச மன்றம் தலையிட மறுத்தது. 2024 டிசம்பரில் 23 கோடியே 30 இலட்சம் டாலர், ஏறத்தாழ இரண்டாயிரம் கோடி ரூபாய், 50,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்க்குப் பாக்கிக் கூலியாகத் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதற்கு முன், அதே ஆண்டு ஜூலையில், ஏறத்தாழ 14,000 தொழிலாளர்களின் சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்ததுமே மணிக்கூலி 24 டாலர் என்று உடன்பாடு கையெழுத்தாகியது. நிறுத்தாமலே கிடைத்தது. 1984-இல் இவர்களுடைய முன்னோர் 22 நாள் வேலையை நிறுத்தியும் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை.

எல்லாம் வெற்றிமயம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2023 அக்டோபரில் விடுதித் தொழிலாளருக்கு மணிக்கூலி 25 டாலர் வேண்டும் என்ற வாக்கெடுப்பு அதே ஊரில் தோற்றது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வேண்டாம் என்றார்கள். வாக்குப்பெட்டி நமக்குத் தாய்மாமன் அல்ல. சீர் கொண்டுதான் வருவான் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியாது.

கூலி ஒரு பாதி. மறுபாதி வரி. தெருவில் ஊரும் வண்டி, காவலுக்கு நிற்கும் ஆள், ஓடும் சாக்கடை, இவற்றுக்கான செலவை யார் தருவது? விடுதி வரி தங்குகிறவனிடமிருந்துதான் வருகிறது. காலையில் வண்டியில் வந்து, இரவு வண்டியில் திரும்புகிறவன் அனஹைமில் தலை சாய்ப்பதில்லை. சாலையை மட்டும் தேய்க்கிறான். அவன் கொடுக்கும் நுழைவுச் சீட்டில் ஊருக்கு ஒரு சிறு பங்கு வேண்டாமா? 2015-இல் மன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தது: நீங்கள் நூறு கோடி டாலர் முதலீடு செய்தால் 30 ஆண்டுக்குக் கேளிக்கை வரி இல்லை, மேலும் 50 கோடி போட்டால் இன்னும் 15 ஆண்டு! நாற்பத்தைந்து ஆண்டு! அன்று பிறந்த குழந்தைக்குத் தலை நரைக்கும் வரை! அந்தப் பத்திரம்தான் 2018-இல் நிறுவனமே கேட்டு நீக்கப்பட்டது. பத்திரம் போனால் வரி வரவேண்டுமே? 2022-இல் 2 விழுக்காடு வரியை மக்கள் வாக்குக்கு விடலாம் என்று மன்றத்தில் ஓர் உறுப்பினர் யோசனை கொண்டுவந்தார். நூறு டாலருக்கு இரண்டு டாலர்! மக்கள் முடிவு செய்யட்டும் என்றுதான் கேட்டார். மன்றம் அதற்கும் இசையவில்லை. நெரிசல் நாளுக்கு நிறுவனம் தானாக ஏற்றிக்கொண்ட விலை எவ்வளவு என்று முன்பே பார்த்தோம். அதற்கு யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

நம் ஊராட்சி, நகராட்சி மன்றங்களில் அமர்ந்திருக்கும் தோழர்களுக்கு இது வெளிநாட்டு வேடிக்கையல்ல. 2016-இல் சரக்கு சேவை வரிக்காக அரசியல் சட்டத்தைத் திருத்தினார்களே, அப்போது மாநிலத்தின் கையிலிருந்த பல வரிகள் போயின. கேளிக்கை வரியில் ஒரு துண்டு மட்டும் பிழைத்தது: ஊராட்சியும் நகராட்சியும் தாமே விதித்துத் தாமே தண்டிக்கொள்ளும் வரி. அதற்கென்று 2017-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் உண்டு. திரைப்படச் சீட்டோடு அந்த வரியின் பேச்சு நின்றுவிடுகிறது. ஊர் எல்லையில் நீர்ச்சறுக்கும் இராட்டினமும் எழும்போது, எத்தனை வண்டி வரும், எவ்வளவு நிலத்தடி நீர் இறைக்கப்படும், சீட்டில் ஊருக்கு எவ்வளவு என்ற மூன்று கேள்வியையும் அடிக்கல் நாட்டுமுன் கேட்க வேண்டியவர் அந்த ஊர் மன்றத்து உறுப்பினர்தான். கல் நாட்டி, மாலை போட்டு, படம் பிடித்துக்கொண்ட பிறகு கேட்டால், விருந்துக்கு வந்தவன் வேட்டியைப் பிடித்து இழுத்தான் என்றுதான் பேசுவார்கள்.

அனஹைமில் இப்போது மூன்றாம் கட்டம் நடக்கிறது. இடம் போதவில்லையாம், கூட்டம் இன்னும் வரவேண்டுமாம். பத்தாண்டுக்குள் குறைந்தது 190 கோடி டாலர் போட்டுப் பூங்காவை விரிப்பதாக நிறுவனம் திட்டம் தந்தது. குறைந்த வாடகை வீடுகளுக்கு 3 கோடி டாலர், பூங்காத் திடல்களுக்குக் கொஞ்சம், சாலைக்குக் கொஞ்சம் என்று இம்முறை ஊருக்கும் சில இலைகள் போட்டார்கள். வட்டத் தேர்தல் வந்திராவிட்டால், அந்த ஆற்றங்கரைக் கூடாரம் உலகத்துக்குத் தெரிந்திராவிட்டால், அந்த இலையும் விழுந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. மேஜிக் வே என்று ஒரு தெரு. மாயவழி என்று சொல்லலாம். பூங்காவை ஒட்டி ஓடும் பொதுத்தெரு. அதையும் நிறுவனத்துக்கு விற்க வேண்டும்!

தெருவை ஒட்டிக் குடியிருப்போர் மன்றத்துக்கு வந்தார்கள். அந்தத் தெரு போனால் எங்கள் போக்குவரத்து என்ன ஆகும், இன்னும் எத்தனை வண்டி எங்கள் வாசலில் வந்து நிற்கும், இன்னும் எவ்வளவு சத்தம் என்று கேட்டார்கள். கேட்டவர்கள் பூங்காவுக்குப் பகைவர்கள் அல்லர். அவர்களும் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றவர்கள்தாம். நள்ளிரவைத் தாண்டியும் பேச்சு நீண்டது. 2024 ஏப்ரலில் ஒருமுறை, மே மாதத்தில் மறுமுறை வாக்கெடுத்தார்கள். திட்டம் ஒருமனதாக நிறைவேறியது; மாயவழியை விற்பதும் அந்தத் திட்டத்தில் அடங்கியிருந்தது.